இறக்கக்கண்டிப் பாலத்தில் நின்ற மாருதி

2022ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஒரு காலைப்பொழுதில், திருகோணமலை நகரின் உவர்மலையிலிருந்து குச்சவெளிப் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த என்னுடைய மாருதி 800, இறக்கக்கண்டிப் பாலத்தின் நடுப்பகுதிக்கு வந்ததும் திடீரென நின்றுபோனது. இயந்திரம் இருமவில்லை, குலுங்கவில்லை, வேகம் குறைந்து தள்ளாடவுமில்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்துவிட்டதுபோல ஓசை அடங்கியது. பாலத்தின் சரிவில் கார் தானாக உருண்டு மறுகரையின் ஓரத்தில் ஒதுங்கியது. கால் மணித்தியாலம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது, எதுவுமே நடவாததுபோல முதல் சுற்றிலேயே இயங்கத் தொடங்கியது. அடுத்த மூன்று வாரங்களில் இதே விதமாக மேலும் மூன்று முறை நின்றது. அந்த ‘இருமாமல் நிற்றல்’ ஒரு முக்கியமான தடயம் என்பதை அன்று நான் அறிந்திருந்தால், பின்னர் செலவிட்ட பணத்தில் பெரும்பகுதி என் சட்டைப்பையிலேயே இருந்திருக்கும்.

கார் 1993ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்டது. கொழும்பில் வேலைசெய்த மச்சானிடமிருந்து எனக்குக் கைமாறியது. 796 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் உடைய, கார்புரேற்றரில் ஓடுகின்ற எளிய இயந்திரம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், ஆசிரியச் சம்பளத்தில் வேறு கார் வாங்கும் எண்ணம் எழவே இல்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது மாதக்கணக்கில் வேப்பமரத்தடியில் நின்ற கார், எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்து வாரத்துக்கு 20 லீற்றர் என்று கிடைக்கத் தொடங்கிய பின்னரே மறுபடியும் வீதிக்கு ஏறியது. போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர், ஐந்து நாளைக்கு 350. அதாவது, லீற்றருக்குப் பதினேழரைக் கிலோமீற்றர் கொடுத்தால்தான் அப்போதைய அந்த 20 லீற்றர் வெள்ளிக்கிழமைவரை தாங்கும். இந்த வகைக் கார், எல்லாம் சீராக இருந்தால், அதைக் கொடுக்கும். பொறி சரியாக விழாத கார் கொடுக்காது. ஆகவே பற்றவைப்பில் இருந்த கோளாறு அப்போது எனக்கு வழியில் நிற்கும் சங்கடம் மட்டுமல்ல, வியாழக்கிழமை பஸ்ஸில் தொங்கிப் போவதா இல்லையா என்ற கணக்காகவும் இருந்தது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னர், இந்தப் பழைய ஏற்பாடு எவ்வாறு வேலைசெய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பற்றரியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரம் சாவிச் சுவிட்ச் வழியாக, மின்னழுத்தத்தை உயர்த்தும் கொயிலுக்குப் போகிறது. கொயிலின் மறுமுனை, மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் எனப்படும் இரண்டு சிறிய உலோகப் பொட்டுகளின் வழியாக இயந்திரத்தின் உடலோடு, அதாவது ஏர்த்தோடு, சேர்கிறது. பொட்டுகள் ஒட்டியிருக்கும்போது கொயிலில் மின்சாரம் ஓடிக் காந்தம் உருவாகிறது. சுழலும் தண்டின் மேடு அவற்றை விலக்கும் அந்தக் கணத்தில் காந்தம் சரிந்து, பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுந்து, நடு வயர் வழியாக டிஸ்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டருக்குப் போய், அதன் மூடியான கப்பிலிருந்து மூன்று பிளக்குகளில் முறைக்குரிய ஒன்றைச் சேர்ந்து, பெற்றோலைப் பற்றவைக்கும் பொறியாகிறது. பொட்டுகள் விலகும்போது அவற்றினிடையே மின்சாரம் பாய்ந்து கருகாமல் தடுப்பதும், காந்தத்தைச் சட்டென்று சரியவைப்பதும் கொன்டென்சர் என்ற விரற்கடை நீளமுள்ள தகர உருளையின் வேலை. அந்த உருளையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையின் பாதி.

முதற் கோளாறு ஒக்ரோபரில், வாடைக்காற்றோடும் மழையோடும் வந்தது. இரவு மழை பெய்து விடிந்தால் கார் இயங்காது. ஸ்ரார்டர் மோட்டார் உற்சாகமாகச் சுழலும், ஆனால் இயந்திரம் பற்றாது. வெயில் ஏறிப் பத்து மணியானால் ஒன்றும் நடவாததுபோலப் பற்றும். பாடசாலை மணி பத்து மணிவரை காத்திருப்பதில்லை. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டேன்; எல்லோரும் விடை சொன்னார்கள். ஒருவர் பிளக் என்றார், ஒருவர் கொயில் என்றார், இன்னொருவர், “பொயின்ற் செற் மாத்தி எத்தனை வருசம்?” என்று கேட்டார். அதற்கு விடை தெரியாத வெட்கத்தில், நகரிலுள்ள ஒரு கடையில் மூன்று பிளக், ஒரு கொயில், பொயின்ற், கொன்டென்சர் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினேன். ஏறத்தாழ 19,000 ரூபாய். எல்லாவற்றையும் மாற்றிய அன்று வெயில். கார் அழகாக ஓடியது. மறுநாள் இரவு மழை. விடியற்காலையில் பழைய கதைதான்.

அனுராதபுரச் சந்திப் பக்கம் சிறிய கராஜ் வைத்திருக்கும் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பாஸிடம், அதாவது வாகனம் திருத்துபவரிடம், போய்ப் புலம்பினேன். அவர் காரைப் பார்க்கவேயில்லை. “சேர், சாமான் மாத்துறது லேசு. பழுது எங்க எண்டு கண்டுபுடிக்கிறதுதான் பாடு. இண்டைக்கு ராவைக்குக் கரண்ட் போகும்தானே? அப்ப பொனட்டத் திறந்து வெச்சி ஸ்ரார்ட் பண்ணிப் பாருங்க. ரோர்ச் அடிக்காதீங்க,” என்றார். அந்த நாட்களில் இரவு மின்வெட்டு வழமையாக இருந்தது. அதற்கு ஒரு பயனும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இரவு எட்டு மணியளவில் தெரு முழுவதும் இருண்டது. இயந்திரத்தை இயக்கிவிட்டு, மனைவி பூக்களுக்கு நீர் தெளிக்கும் விசிறற் போத்தலால் பிளக் வயர்களின் மேல் மெல்லிய பனிபோல நீரைத் தூவினேன். இயந்திரம் உடனே தடுமாறியது. கண்ணும் இருளுக்குப் பழகியது. இரண்டாவது சிலிண்டருக்குப் போகும் வயர் இரும்புத் தாங்கியைத் தொட்டுச் செல்லும் இடத்தில் நீல நிறத்தில் ஒரு பொறி ‘டிக், டிக்’ என்று தாவிக்கொண்டிருந்தது. டிஸ்ரிபியூட்டர் கப்பின் வெளிப்புறத்தில், ஒரு வயரின் கழுத்திலிருந்து மற்றதின் கழுத்துக்கு, ஊர்ந்து போகும் மண்புழுவைப் போல மங்கிய ஊதா ஒளி நெளிந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் வழியிலேயே தனக்கு வசதியான குறுக்குப் பாதையைப் பிடித்துக்கொண்டிருந்தது. புதிய கொயிலோ புதிய பிளக்கோ அதை எவ்வகையிலும் தடுக்கப்போவதில்லை. இந்தச் சோதனையைச் செய்பவர்கள் வயர்களைக் கையால் தொடக்கூடாது. கழுத்துத் துணி, தாவணி, தொங்கும் சங்கிலி எதுவும் விசிறிப் பட்டியின் அருகே வரக்கூடாது. பெற்றோல் மணம் வீசினால் இதைத் தொடங்கவே கூடாது.

காரணம் எங்கள் ஊரின் காற்று. திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் இருக்கிறது. நான் போய்வரும் நிலாவெளி வீதியோ கடலுக்கும் களப்புக்கும் உப்பளங்களுக்கும் இடையில் போகிறது. காற்றோடு வரும் உப்பு பொனட்டுக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாகக் கப்பிலும் வயர்களிலும் படிகிறது. கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்து கிடக்கும் இந்தப் படலத்தால் கேடு இல்லை. மழைக்காலத்தில் ஈரம் பட்டதும் அது உப்புநீராகிறது. மழைநீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்துவதில்லை, உப்புநீர் தாராளமாகக் கடத்தும். உள்நாட்டில் ஓடும் கார் ஒன்றுக்கு ஈரம் துடைத்தால் போதும் என்றால், எங்கள் கார்களுக்கு உப்பைக் கழுவியாகவேண்டும்.

கப்பைக் கழற்றுவதற்கு முன்னர் வயர்களில் ஒட்டுநாடாவைச் சுற்றி எண்களை எழுதிவைத்தேன். இந்த இயந்திரத்தின் பற்றும் வரிசை 1-3-2. மூன்றே வயர்கள்தானே என்ற அலட்சியத்தில் இரண்டை மாற்றிச் செருகிவிட்டால் கார் ஒற்றைச் சிலிண்டரில் துள்ளும் அல்லது கார்புரேற்றர் வழியாக வெடிக்கும். கப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தபோது, இரண்டு முனைகளுக்கிடையே பென்சிலால் கீறியதுபோல ஒரு கரிக்கோடு தெரிந்தது. பொறி ஊர்ந்து ஊர்ந்து பிளாஸ்ரிக்கைக் கரியாக்கிய தடம் அது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அந்தக் கோடு ஒருமுறை உண்டாகிவிட்டால் துடைத்து அகற்ற முடியாது. கூரிய கத்திமுனையால் சுரண்டி எடுத்துச் சில வாரங்கள் ஓட்டலாம், பின்னர் கப்பை மாற்றத்தான் வேண்டும். கப்பையும் வயர்களையும் சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு பகல் முழுவதும் நிழலில் உலர்த்தினேன். கப்பின் நடுவிலுள்ள சிறிய கரிக்குச்சி ஸ்பிரிங்கில் துள்ளுகிறதா, ரோட்டரின் பித்தளை நுனி கருகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். பொறி பாய்ந்த வயரை அந்தத் தாங்கியிலிருந்து விலக்கி, பழைய ரியூப் துண்டொன்றால் கட்டினேன்.

அன்று மாலையே கிடைத்த இன்னொரு யோசனை ரப்பர் கையுறை. டிஸ்ரிபியூட்டர் கப்பில் பிளக் வயர் மூன்று, கொயில் வயர் ஒன்று. மருந்துக்கடையில் வாங்கிய கையுறையின் நான்கு விரல் நுனிகளை வெட்டி வயர்களை அவற்றினூடாக நுழைத்து, ஐந்தாவது விரலை முடிந்துவிட்டு, முழுக் கப்பையும் மூடினேன். பார்ப்பதற்கு இயந்திரத்திலிருந்து யாரோ கையை நீட்டிச் சம்பளம் கேட்பதுபோல இருக்கும். ஆனால் அந்த மழைக்காலம் முழுவதும் ஒரு காலைகூடக் கார் என்னை ஏமாற்றவில்லை. தைமாதம் மழை ஓய்ந்ததும் அதைக் கழற்றிவிடவேண்டும். உள்ளே காற்றோட்டம் இல்லாமல் வியர்த்தால் கையுறையே ஈரத்தைப் பூட்டிவைக்கும் பை ஆகிவிடும்.

இதற்கிடையில் நானே வரவழைத்துக்கொண்ட ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதே தவறைப் பலரும் செய்கிறார்கள். பொயின்றின் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீற்றர்வரை இருக்கவேண்டும். என் தந்தையார் தம் காலத்தில் கலியாண அழைப்பிதழ் அட்டையை மடித்து அளவு பார்த்தவர்; நான் நவீனனாக இருக்க விரும்பி, பீலர் கேஜ் என்ற இரும்புத் தகடுக் கட்டொன்றை வாங்கினேன். தண்டின் மேடு பொயின்றை முழுவதும் விலக்கும் இடத்துக்கு இயந்திரத்தைச் சுற்றி நிறுத்தி, தகட்டைச் செருகி, திருகாணியை இறுக்கி, திருப்தியோடு சாவியைத் திருப்பினால் பொறியே இல்லை. ஒரு மணித்தியாலம் தலையைச் சொறிந்த பின்னர்தான் விளங்கியது: புதிய தகடுகள் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசப்பட்டிருந்தன, அந்த எண்ணெய் பொட்டுகளில் ஒட்டி மின்சாரத்தை மறித்துவிட்டது. வெள்ளை அட்டைத் துண்டொன்றை ஸ்பிரிட்டில் நனைத்துப் பொட்டுகளுக்கிடையில் இரண்டு மூன்று முறை இழுத்ததும் பொறி திரும்பிவந்தது. அட்டை விடயத்தில் தந்தையார் ஓரளவு சரி. இடைவெளியை மாற்றினால் பொறி விழும் நேரமும் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். ஆகவே முதலில் இடைவெளி, பிறகு ரைமிங். தண்டின் மேட்டில் உராயும் பிளாஸ்ரிக் கட்டைக்கு ஒரு அரிசியளவு கிறீஸ் வைக்காவிட்டால் அது தேய்ந்து, நாளடைவில் இடைவெளி தானாகவே சுருங்கிவிடும். அரிசியளவுக்கு மேல் வைத்தால் கிறீஸ் தெறித்துப் பொட்டுகளில் விழும்.

மழைக்காலைக் கோளாறு தீர்ந்தது என்று மகிழ்ந்திருந்த வேளையில்தான் இறக்கக்கண்டிப் பாலத்துக் காட்சி அரங்கேறியது. இது வேறு குணமுள்ள கோளாறு. குளிர்ந்த இயந்திரத்தில் வராது, பதினைந்து இருபது கிலோமீற்றர் ஓடிச் சூடேறிய பின்னர் வரும், ஆறவிட்டால் போய்விடும். சூட்டில் நின்று ஆறினால் ஓடும் காருக்குப் பெற்றோலைத்தான் குறைசொல்வது வழக்கம். குழாயில் பெற்றோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது என்றார்கள். நானும் நம்பி, பெற்றோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினேன், வடிகட்டியை மாற்றினேன். மாதக்கணக்கில் நின்ற கார் என்பதால் பெற்றோல் தாங்கியில் அழுக்கு இருக்கக்கூடும் என்று, அரிதாகக் கிடைத்த பெற்றோலை வடித்து வெள்ளைத் துணியில் வடிகட்டியும் பார்த்தேன். துணி சுத்தமாகவே இருந்தது.

பாஸ் கேட்ட ஒரே கேள்வி, “நிக்கிற நேரம் இருமிச்சா?” என்பது. இல்லை என்றேன். “அப்ப பெற்றோல் இல்ல சேர்,” என்றார். பெற்றோல் குறைந்து நிற்கும் இயந்திரம் பெரும்பாலும் தள்ளாடி, இழுத்து, இருமி நிற்கும்; மின்சாரம் அறுந்து நிற்கும் இயந்திரம் வெட்டியதுபோல நிற்கும். இது நூற்றுக்கு நூறு விதியல்ல, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குவது என்று சொல்லிவிடும். உறுதிப்படுத்தவேண்டுமானால், நின்ற அந்த இடத்திலேயே, ஆறுவதற்கு முன்னர், சோதிக்கவேண்டும்; கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனால் வழியிலேயே நோய் குணமாகி, பாஸுக்கு நல்ல காரைத்தான் காட்டுவோம்.

அதற்காக மூன்று பொருட்களைக் காரில் வைத்துக்கொண்டேன். ஒன்று, பழைய பிளக். இரண்டாவது, சிக்னல் விளக்கின் 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர்களைப் பற்றவைத்துச் செய்த சோதனை விளக்கு. செலவு ஒரு தேநீரும் வடையும் அளவுதான். மூன்றாவது, கடையில் கிடைக்கும் மிக மலிவான மல்டிமீற்றர். பிளக்கைச் சோதிக்கும் முறை எல்லோரும் அறிந்தது: ஒரு வயரைக் கழற்றி, பழைய பிளக்கில் செருகி, பிளக்கின் உலோக உடல் இயந்திரத்தில் நன்றாகப் படும்படி வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லவேண்டும். நீல நிறத்தில் ‘சட், சட்’ என்ற ஒலியுடன் தாவினால் பொறி நலம். மஞ்சளாக மெலிந்து தாவினால் நோய். எதுவும் இல்லையென்றால் விளக்கை எடுக்கவேண்டும். விளக்கின் ஒரு முனையை ஏர்த்தில் கவ்வவிட்டு, சாவி ‘ஓன்’ நிலையில் இருக்க, மறுமுனையால் முதலில் கொயிலின் நேர்முனையைத் தொடவேண்டும். எரியாவிட்டால் சாவிச் சுவிட்சிலிருந்து கொயில்வரை மின்சாரம் வரவில்லை. எரிந்தால், கொயிலின் எதிர்முனையைத் தொட்டபடி இயந்திரத்தைச் சுற்றச்செய்யவேண்டும். விளக்கு விட்டுவிட்டு மினுங்கினால் பொயின்ற் தன் வேலையைச் செய்கிறது. அணையாமல் எரிந்துகொண்டேயிருந்தால் பொயின்ற் ஒட்டுவதேயில்லை, அல்லது டிஸ்ரிபியூட்டருக்குள் போகும் சிறிய வயர் அறுந்திருக்கிறது. எரியவே எரியாவிட்டால், ஒன்றில் கொயிலின் உட்சுற்று அறுந்திருக்கிறது, அல்லது அந்த முனை எங்கோ நிரந்தரமாக ஏர்த்தில் பட்டிருக்கிறது.

டிசம்பர் நடுப்பகுதியில், பாடசாலை விட்டுத் திரும்பும்போது, நிலாவெளி தாண்டியதும் கார் நான்காவது முறையாக நின்றது. முதன்முறையாக அதில் எனக்கு மகிழ்ச்சி. மோட்டார் சைக்கிளில் வெற்று மீன்பெட்டியுடன் வந்த ஒருவரை மறித்து, “அண்ணன், சாவியை ஒருக்காத் திருப்பிவிடுறீங்களா?” என்று கேட்டேன். பழைய பிளக்கில் பொறி இல்லை. காரில் இருந்த பிளக் ஒன்றைக் கழற்றியபோது நுனி நனைந்து பெற்றோல் மணந்தது. ஆகவே பெற்றோல் வருகிறது, எரிக்கத்தான் ஆளில்லை. கொயிலின் நேர்முனையில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. எதிர்முனையில் எரியவேயில்லை, மினுக்கமும் இல்லை. கப்பைத் திறந்து பார்த்தேன். பொட்டுகள் ஒழுங்காக விலகி ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படியானால் ஏர்த்தாகும் வேறு இடம் எது? அந்த முனையோடு சேர்ந்திருப்பது கொன்டென்சரின் வயர் ஒன்றுதான். அதைக் கழற்றிவிட்டு, “அண்ணன், இன்னொருக்கா,” என்றேன். விளக்கு மினுமினுத்தது.

ஒக்ரோபரில் வாங்கிய அந்தப் புதிய கொன்டென்சர், சூடேறியதும் உள்ளுக்குள் ஒட்டி, கொயிலை நேரே ஏர்த்தோடு இணைத்துக்கொண்டிருந்தது. ஆறியதும் பிரிந்துவிடும். முன்பு காரில் இருந்த பழையதில் எந்தக் குறையும் இருக்கவில்லை. மழைக்காலைக் கோளாறுக்கு மருந்தென்று, நோயை அறியாமலே, நல்லதைக் கழற்றிக் கெட்டதைப் பொருத்தியவன் நானே. நல்லவேளையாகப் பழையதை எறியாமல் டாஷ்போர்ட்டுப் பெட்டிக்குள் போட்டுவைத்திருந்தேன். ஒரு திருகாணி, ஒரு வயர். ஐந்து நிமிடத்தில் மாற்றினேன். மீன்பெட்டி அண்ணன் பெட்டியைத் தட்டி, “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பழைய கொன்டென்சர் இதை எழுதும்வரை ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தேன். கெட்ட கொன்டென்சரை மெல்லிய பொலித்தீன் பையில் வயர் வெளியே நீட்டும்படி கட்டி, மல்டிமீற்றரை ஓம் அளவையில் வைத்து, ஒரு முனையை வயரிலும் மறுமுனையைத் தகர உடலிலும் இணைத்தேன். குளிர்ந்த நிலையில் எண்கள் ஏறி ஏறி, அளவைக்கு அப்பால் போய் நின்றன. நல்ல கொன்டென்சர் அப்படித்தான் காட்டும். கேத்தலில் கொதித்த நீரைக் கிண்ணத்தில் ஊற்றிப் பையை அதற்குள் இறக்கினேன். மூன்று நிமிடம்வரை ஒன்றுமில்லை. பின்னர் மீற்றர் திடீரென உயிர்பெற்று, எண்கள் சரிந்து சரிந்து, பத்து ஓமுக்கும் கீழே போய் நின்றன. பழையதையும் அவ்வாறே வெந்நீரில் இட்டேன், அது அசையவில்லை. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, “ஏன் கேத்திலை வீணாக்கிறீங்கள்? அடுத்த முறை கன்னியாவுக்குக் கொண்டுபோங்கோ,” என்றார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சூடு இதற்குப் போதாது. ஆனால் யோசனையில் பிழையில்லை. அதன்பின் வாங்கிய ஒரு மேலதிக கொன்டென்சரையும் பொருத்துவதற்கு முன்னர் இப்படி அவித்துப் பார்த்தே எடுத்துவைத்திருக்கிறேன்.

இன்று பழைய கார்களுக்கு வரும் இத்தகைய சிறு பாகங்களில், பெட்டியில் பெயர் எதுவாக இருந்தாலும், உள்ளே இருப்பதை நம்ப முடிவதில்லை என்பது என் அபிப்பிராயம். பழைய பாகம் தெளிவாகக் கெட்டுப்போயிருந்தாலொழிய அதை மாற்றுவதில்லை. மாற்றினாலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன். நான்கு பாகங்களை ஒன்றாக மாற்றியவனுக்கு, புதிய கோளாறு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமற் போகிறது. கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் பேணிக்குள், எப்போது, ஏன் கழற்றினேன் என்ற துண்டுச் சீட்டோடு இருக்கின்றன.

இன்னொரு சோதனை மல்டிமீற்றர் இருந்தால் செலவே இல்லாதது. பொயின்ற் ஒட்டியிருக்கும் நிலையில், சாவியை ‘ஓன்’ செய்து, பற்றரியின் நேர்முனைக்கும் கொயிலின் நேர்முனைக்கும் இடையிலான வோல்ட்டை அளந்தேன். தடையில்லாத வயரில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கவேண்டும். எனக்கு ஏறத்தாழ இரண்டரை வோல்ட் காட்டியது. அதாவது பற்றரியில் பன்னிரண்டு இருந்தாலும் கொயிலுக்குப் போய்ச்சேர்ந்தது ஒன்பதரைதான். மிச்சத்தைத் தேய்ந்த சாவிச் சுவிட்சும் பச்சை பூத்த ஒரு இணைப்பும் வழியில் தின்றுகொண்டிருந்தன. சில கார்களில் கொயிலுக்கு முன்னால் ஒரு தடைக்கட்டையைத் தயாரிப்பாளரே பொருத்தியிருப்பார். அங்கே இந்தக் கணக்கு வேறு, இயந்திரம் சுழலும்போது பற்றிச் சாவியை விட்டவுடன் நின்றால் அந்தக் கட்டையைத்தான் முதலில் பார்க்கவேண்டும். என் காரில் அது இல்லை. இணைப்பை உப்புத்தாளால் தேய்த்து, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ஒரு சாதாரண ரிலேயைப் பொருத்தி, கொயிலுக்கு மின்சாரத்தைப் பியூஸ் வழியாகப் பற்றரியிலிருந்தே எடுத்தேன். அந்த வாரமே காலையில் பற்றும் வேகத்தில் மாற்றம் தெரிந்தது. இயந்திரத்துக்கும் காரின் உடலுக்கும் இடையிலான ஏர்த் வயரையும் கழற்றித் துருவைச் சுரண்டினேன். கடற்கரை ஊரில் அது ஆண்டுக்கொருமுறை செய்யவேண்டிய வேலை.

கொயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றிய கொயில் தேவையற்றது என்றேன்; ஆனால் அதை நானே ஒருமுறை கொல்லப் பார்த்தேன். பாடசாலை வாசலில் மகளுக்காகக் காத்திருந்தபோது, இயந்திரத்தை அணைத்துவிட்டு, வானொலிச் செய்திக்காகச் சாவியை ‘ஓன்’ நிலையிலேயே விட்டிருந்தேன். இயந்திரம் நிற்கும்போது பொயின்ற் ஒட்டியிருந்தால் கொயிலில் மின்சாரம் இடைவிடாமல் ஓடும். இருபது நிமிடத்தின் பின் கொயிலைத் தொட்டால் கை சுட்டது. வானொலிக்குச் சாவியின் முதல் நிலையே போதும்.

பொயின்றை எடுத்துவிட்டு எலக்ட்ரோனிக் பற்றவைப்பு மாட்டலாமே என்று கேட்கிறார்கள். நல்ல தரமானது கிடைத்தால் மாட்டலாம். தேய்மானம் இல்லை, இடைவெளி சரிசெய்யும் வேலையும் இல்லை. ஆனால் கும்புறுப்பிட்டிக்கும் குச்சவெளிக்கும் நடுவில் அது செத்துப்போனால் வீதியோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. பொயின்ற் செத்துப்போவதற்கு முன்னர் பல நாட்கள் முனகும். அட்டைத் துண்டாலும் திருகாணித் திறப்பாலும் வீடுவரை கொண்டுவந்துவிடலாம். மாதத்தின் கடைசி வாரத்தில் கையில் காசில்லாத ஒருவனுக்கு அந்த முனகல் பெறுமதியானது.

கணக்கைப் பார்த்தால், தேவையில்லாமல் வாங்கியவை 19,000 ரூபாயும் ஒரு வடிகட்டியும். உண்மையில் தேவைப்பட்டவை பின்னர் மாற்றிய டிஸ்ரிபியூட்டர் கப், ரிலே, சில அடி வயர், ஒரு சோடி கையுறை. பாஸ் ஒரு சதமும் வாங்கவில்லை. கெட்ட கொன்டென்சரைத் தரமுடியுமா என்று கேட்டார். கராஜில் வேலை பழகும் பையன்களுக்குத் தேநீர் கொதிக்கும்போது காட்டுவதற்காம். கொடுத்துவிட்டேன்.